காலி மனையைப் பாருங்க! லண்டன் போர்க்கால நடை டூர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, லண்டன்ல இரண்டாம் உலகப்போர் சமயத்துல குண்டு விழுந்த இடங்களை கைடோட நடந்து பாக்கறதைப் பத்தி நாலே நாலு வரிதான் எழுதினேன். அதுக்கே இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கல, வாட்ஸ்அப்ல வந்தது வேற. எல்லாத்துக்கும் பதில் போட இடம் பத்தாது, ஒரே மாதிரி கேட்டதை ஒண்ணா சேத்துட்டேன். பேர் போட வேண்டாம்னு நெறைய பேர் சொன்னதால யாரோட பேரும் போடல.

கேள்வி: பையன் லண்டன்ல வேலை பாக்கறான். ஜூன்ல நாங்க ரெண்டு பேரும் போறோம். ‘ப்ளிட்ஸ் வாக்’னு ரெண்டு மணி நேர நடை டூர் ஒண்ணு புக் பண்ணி வச்சிருக்கான் (1940-41ல ஜெர்மன்காரங்க விமானத்துலேர்ந்து போட்ட குண்டுமழைக்குத்தான் ப்ளிட்ஸ்னு பேராம்). குண்டு போட்டு 80 வருஷத்துக்கு மேல ஆச்சு, எல்லாத்தையும் திரும்பக் கட்டிட்டாங்க, இனிமே அங்க நடந்து பாக்க என்னதான் இருக்கு?

பதில்: நியாயமான கேள்விதான். முதல் தடவை நானும் இதே நெனப்போடதான் போனேன், கோட்டு சூட்டு போட்ட பேங்க் ஆளுங்க கையில காபி கப்போட ஓடிக்கிட்டிருக்கற தெருவுல இந்த மனுஷன் என்னத்தக் காட்டப்போறார்னு. அவர் கட்டடத்தைக் காட்டவே இல்ல சார், கட்டடம் இல்லாத இடத்தைக் காட்டினார். ‘சிட்டி ஆஃப் லண்டன்’னு சொல்றாங்களே அந்தப் பழைய ஊர், ரோமானியர் காலத்துலேர்ந்து இருக்கறது, மொத்தமே ஒரு சதுர மைல் சொச்சம்தான். அங்க இருக்கற நில விலைக்கு ஒரு சாண் இடத்தை யாரும் சும்மா விடமாட்டாங்க. அப்படிப்பட்ட ஊர்ல ரெண்டு கண்ணாடி டவருக்கு நடுவுல திடீர்னு குட்டியா ஒரு தோட்டம், நாலு பெஞ்சுன்னு இருந்தா, இது ஏன் இன்னும் காலியா இருக்குன்னு கேக்கணும். நெறைய இடத்துல பதில் குண்டுதான்.

செயின்ட் பால்ஸ் டியூப் (பாதாள ரயில்) ஸ்டேஷன்லேர்ந்து ரெண்டு நிமிஷ நடையில கிறைஸ்ட்சர்ச் கிரேஃப்ரையர்ஸ்னு ஒரு சர்ச் இருக்கு, இருக்குன்னு சொல்றதா இருந்துச்சுன்னு சொல்றதான்னு தெரியல. செயின்ட் பால்ஸ் கதீட்ரலைக் கட்டின ஆர்க்கிடெக்ட் கிறிஸ்டோஃபர் ரென் கட்டினது. 1940 டிசம்பர் 29 ராத்திரி எரிஞ்சு போச்சு. கோபுரம் நிக்குது, சுவர்ல கொஞ்சம் நிக்குது, கூரை கிடையாது. ஜனங்க உக்காந்து ஜெபம் பண்ணின இடம் இப்ப ரோஜாத் தோட்டம். சும்மா தோட்டம்னு நினைச்சு தாண்டிப் போயிடாதீங்க, கத்தரிச்சு விட்டிருக்கற அந்தச் செடி வேலி எல்லாம் பழைய பெஞ்சு வரிசை இருந்த அதே இடத்துல வச்சது, தூண் இருந்த இடத்துல எல்லாம் மரத்துல உசரமா கூண்டு மாதிரி அடிச்சு கொடி ஏத்தி விட்டிருக்காங்க. ஒரு ஓரமா நின்னு பாத்தா சர்ச்சோட பிளான் படம் செடியில வரைஞ்ச மாதிரி தெரியும்.

அங்கேர்ந்து கொஞ்சம் வடக்க நோபிள் ஸ்ட்ரீட் போனா இதுக்கு நேரெதிர். அங்க குண்டு போட்டதால ஒண்ணு கிடைச்சுது. அதே டிசம்பர் ராத்திரி மேல இருந்த பில்டிங் எல்லாம் போயி, அடியில ரோமானியர் கட்டின சுவர் வெளிய வந்துச்சு. போருக்கப்புறம் டபிள்யூ.எஃப். கிரைம்ஸ்ங்கற தொல்லியல் அறிஞர் தோண்டிப் பாத்துதான் அங்க ரோமானியக் கோட்டையே இருந்துச்சுன்னு தெரிஞ்சுது. பக்கத்துலயே ஆல்டர்மன்பரி, அங்க ஒரு சர்ச்சோட அடித்தளம் மட்டும் தோட்டமா கிடக்கும், சர்ச்சு எங்கன்னா அமெரிக்காவுல! 1960கள்ல கல்லு கல்லா கப்பல்ல ஏத்தி மிசௌரி மாநிலத்துல ஃபுல்டன்ங்கற ஊருக்குக் கொண்டு போயி திரும்பக் கட்டிட்டாங்க, 1946ல சர்ச்சில் ‘இரும்புத் திரை’ பேச்சு பேசின அதே காலேஜ் வளாகத்துல. இன்னும் ரெண்டு தெரு தள்ளி பார்பிகன். அந்தப் பிரம்மாண்ட கான்கிரீட் குடியிருப்பு, எனக்கு அழகா தெரியல, ஆனா அது நிக்கற கிரிப்பிள்கேட் வார்டுல 1951ல குடியிருந்தவங்க வெறும் 48 பேர். அவ்வளவு சுத்தமா துடைச்சுப் போட்டிருந்துச்சு. இதைத் தெரிஞ்சுக்கிட்டு அங்க நின்னா வேற மாதிரி இருக்கும். பையன் கரெக்டாதான் புக் பண்ணியிருக்கார், போயிட்டு வாங்க.

கேள்வி: நாங்க போன டூர்ல கைடு, செயின்ட் பால்ஸ் கதீட்ரலை ஜெர்மன் பைலட்டுங்க வழி கண்டுபிடிக்கற அடையாளமா வச்சிருந்ததால வேணும்னே குண்டு போடாம விட்டாங்கன்னு சொன்னார். நிஜமாவா?

பதில்: கதைதான். கேக்க நல்லா இருக்கறதால ஓடிக்கிட்டிருக்கு. 1940 அக்டோபர் 10ஆம் தேதி ஒரு குண்டு கூரையப் பொத்துக்கிட்டு வந்து மெயின் பலிபீடத்தை நொறுக்கிடுச்சு. 1941 ஏப்ரல்ல இன்னொண்ணு வடக்குப் பக்கத்துல இறங்கி தரையை உடைச்சு கீழ நிலவறை வரைக்கும் போச்சு. வேணும்னு விட்டவன் ரெண்டு தடவையா போடுவான்? தவிர, ராத்திரி நேரத்துல அவ்வளவு உசரத்துலேர்ந்து ஒரு கட்டடத்தைப் பாத்து போடறதோ பாத்து விடறதோ அன்னிக்கு இருந்த கருவிக்கு ஆகற காரியம் இல்ல.

அதுக்கும் முன்னாடி செப்டம்பர் 12ஆம் தேதி ஒரு பெரிய குண்டு கதீட்ரல் பக்கத்துல தெருவுல விழுந்து வெடிக்காம மண்ணுக்குள்ள போயிடுச்சு. லெஃப்டினன்ட் ராபர்ட் டேவிஸும் அவர் ஆளுங்களும் மூணு நாள் தோண்டி எடுத்து, லாரியில வச்சு, காலி பண்ணி வச்ச தெருக்கள் வழியா ஹாக்னி மார்ஷஸ் வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போயி வெடிக்க வச்சாங்க. அது மட்டும் இருந்த இடத்துல வெடிச்சிருந்தா இன்னிக்கு நாம பாக்கற முகப்பு இருந்திருக்காது. டேவிஸுக்கும் ஜார்ஜ் வைலிங்கற சிப்பாய்க்கும் வீரத்துக்கான பெரிய விருது ஜார்ஜ் கிராஸ் கொடுத்தாங்க. இதே டேவிஸ் 1942ல மோசடிக் கேஸ்ல ராணுவ கோர்ட்டுல நின்னார், கைடுங்க இந்தப் பகுதிய மட்டும் முழுங்கிடுவாங்க.

கதீட்ரலைக் காப்பாத்தினது ஹிட்லரோட கருணை கிடையாது, ‘செயின்ட் பால்ஸ் வாட்ச்’னு ஒரு தொண்டர் படை. ராத்திரி ராத்திரி கூரை மேல உக்காந்திருந்தாங்க, கையில மணல் மூட்டையும் கைப்பம்பும். அதுல பல பேர் ஆர்க்கிடெக்ட், ஏன்னா அந்தக் கட்டடத்தோட மேல்மாடத்துல இருக்கற சந்து பொந்து, ஏணி, குறுக்குப் பாதை எல்லாம் இருட்டுல தெரிஞ்சிருக்கணும். டிசம்பர் 29 ராத்திரி ஞாயித்துக்கிழமை, கிறிஸ்மஸ் முடிஞ்ச வாரம், ஆபீஸ் சர்ச் எல்லாம் பூட்டிட்டு சாவிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. தேம்ஸ்ல தண்ணி வத்தியிருந்த நேரம், ஃபயர் சர்வீஸ்காரங்க ஹோஸை ஆத்துல விடப்போனா சேறுதான். தண்ணிக் குழாயும் குண்டுல உடைஞ்சு போச்சு. அந்த நேரம் பாத்து ஒரு தீக்குண்டு கதீட்ரல் குவிமாடத்தோட ஈயத் தகட்டுல பாதி உள்ள பாதி வெளியன்னு குத்திக்கிட்டு நின்னு எரியுது. ஈயம் உருகுது, உள்ள பூரா பழைய மரச் சட்டம், உள்பக்கம் விழுந்தா முடிஞ்சுது கதை. வெளிப்பக்கம் விழுந்துச்சு, கீழ இருந்த கல் மாடத்துல. அங்க நின்னவங்க அணைச்சுட்டாங்க. அவ்வளவுதான் சார் வித்தியாசம், உள்ளயா வெளியயான்னு.

புகைக்கு நடுவுல அந்த குவிமாடம் தெரியற ஃபோட்டோ உலகத்துக்கே தெரியும், ஹெர்பர்ட் மேசன்ங்கற பத்திரிகை ஃபோட்டோகிராஃபர் எடுத்தது, 1940 டிசம்பர் 31 பேப்பர்ல வந்துச்சு. அந்த ஃபோட்டோவுல கீழ்ப்பாதிய கொஞ்சம் உத்துப் பாருங்க, பூரா கூரையில்லாத வீடு. கதீட்ரலுக்கு வடக்கே பேட்டர்நாஸ்டர் ரோ அன்னிக்கு புத்தகக் கடைத் தெரு, ஏறத்தாழ 50 லட்சம் புத்தகம் அந்த ஒரு ராத்திரியில எரிஞ்சுதுன்னு கணக்கு சொல்றாங்க. எனக்கு குவிமாடம் தப்பினத விட இதுதான் மனசுல நிக்குது, என்ன பண்றது, பத்திரிகைக்காரன்.

உள்ள போக டிக்கெட் வேணும். மேற்கு வாசல் தாண்டினதும் தரையில வாட்ச் ஆளுங்களுக்கு ஒரு கல் பதிச்சிருக்கு, எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டே அதை மிதிச்சுக்கிட்டுப் போறாங்க.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயசு, முழங்கால் தேய்மானம். கூட்டிட்டுப் போலாமா?

பதில்: க்ரூப் டூர்ல வேண்டாம். மழை வந்தாலும் நிக்காம போவாங்க, கைடு பேசற இடத்துல எல்லாம் கால் மணி நேரம் நின்னுக்கிட்டே கேக்கணும், நடக்கறத விட இந்த நிக்கறதுதான் முழங்காலுக்கு எமன். நீங்களே ரெண்டு மூணு இடம் மட்டும் தேர்ந்தெடுத்து அம்மா வேகத்துல போங்க. செயின்ட் டன்ஸ்டன் இன் தி ஈஸ்ட்னு ஒரு இடம், டவர் ஆஃப் லண்டன் பக்கத்துலதான். 1941ல குண்டுல போன சர்ச், கோபுரமும் ரெண்டு பக்கச் சுவரும்தான் தப்பிச்சுது, 1967ல அதைத் திரும்பக் கட்ட வேண்டாம் தோட்டமாவே விட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. ஜன்னல்ல கண்ணாடிக்குப் பதிலா கொடி ஏறிக்கிடக்கும். உக்கார பெஞ்சு இருக்கு, டிக்கெட் கிடையாது, மத்தியானம் மட்டும் ஆபீஸ் ஜனங்க சாப்பாட்டு டப்பாவோட வந்து இடத்தைப் பிடிச்சுக்குவாங்க, காலையிலயே போயிடுங்க.

கேள்வி: அன்னிக்கு ஜனங்க டியூப் ஸ்டேஷன்ல படுத்துத் தூங்கின ஃபோட்டோ பாத்திருக்கேன். பூமிக்கு அடியில இருந்ததால எல்லாரும் தப்பிச்சாங்களா?

பதில்: ரெண்டு விஷயம். முதல்ல, ‘எல்லாரும்’ அங்க போகல. அரசாங்கம் ஆரம்பத்துல டியூபைத் திறந்துவிடவே விரும்பல, ஜனங்கதான் குறைஞ்ச டிக்கெட் ஒண்ணை வாங்கிக்கிட்டு கீழ போயி மேல வரமாட்டேன்னு உக்காந்துட்டாங்க. செப்டம்பர் 1940ல ஒரு ராத்திரி 1,77,000 பேர் வரைக்கும் படுத்தாங்க, அதுதான் உச்சம். ஆனா நவம்பர்ல எண்ணிப் பாத்தப்ப லண்டன் ஜனத்தொகையில டியூப்ல தூங்கினவங்க வெறும் 4 சதவீதம். மிச்ச ஆளுங்க வீட்டுத் தோட்டத்து ஷெல்டர், மாடிப்படிக்கு அடியில, இல்ல வர்றது வரட்டும்னு சொந்தக் கட்டில்லயே.

ரெண்டாவது, கீழ இருந்தாலும் தப்பல. 1940 அக்டோபர் 14 பாலம் ஸ்டேஷன்ல ரோடு உடைஞ்சு மண்ணும் தண்ணியும் உள்ள இறங்கி 60 பேருக்கு மேல போனாங்க, மேல ரோட்டுல விழுந்த பள்ளத்துல ஒரு டபுள் டெக்கர் பஸ் தலைகுப்புற இறங்கி நிக்கற படம் நீங்க பாத்திருப்பீங்க. 1941 ஜனவரி 11 பேங்க் ஸ்டேஷன். இது ரெண்டும் குண்டு. மூணாவது ஒண்ணு இருக்கு, அதுல குண்டே கிடையாது, அதைப் பத்திதான் நான் எழுதணும்னு நினைச்சேன்.

பெத்னல் கிரீன். அப்ப அது பாதி கட்டின ஸ்டேஷன், ட்ரெயின் ஓட ஆரம்பிக்கல, ஷெல்டராத்தான் இருந்துச்சு. 1943 மார்ச் 3, ராத்திரி எட்டேகால் எட்டரை மணி. சைரன் அடிக்குது, ஜனங்க வழக்கம்போல வரிசையா இறங்கறாங்க. இறங்கற வழி ஒண்ணே ஒண்ணு, 19 படி, நடுவுல பிடிச்சுக்க கம்பி இல்ல, வெளிச்சம் வெளிய தெரியக்கூடாதுன்னு மங்கலா ஒரே ஒரு பல்பு. பக்கத்து விக்டோரியா பார்க்குல புதுசா வச்சிருந்த விமான எதிர்ப்பு ராக்கெட்டை விட்டாங்க, அந்தச் சத்தம் ஜனங்க அதுவரைக்கும் கேட்டதில்ல. நம்ம ராக்கெட்டுன்னு யாருக்குத் தெரியும், புது மாதிரி குண்டுன்னு நினைச்சு மேல இருந்தவங்க தள்ளிக்கிட்டு வர்றாங்க, கீழ ஒரு பொம்பளை தடுக்கி விழறாங்க, அவங்க மேல இன்னொருத்தர், அவர் மேல இன்னொருத்தர், சில நொடியில அந்தப் படிக்கட்டு சுமார் 300 பேரால அடைஞ்சு போச்சு. 173 பேர் மூச்சு முட்டிச் செத்தாங்க, அதுல 62 பேர் குழந்தைங்க. அன்னிக்கு அந்த இடத்துல ஒரு குண்டும் விழல. வாசலை மாத்திக் கட்டணும்னு உள்ளூர் கவுன்சில் 1941லயே கேட்டிருந்துச்சு, மேல இருக்கறவங்க சம்மதிக்கல. நடந்ததையும் அமுக்கித்தான் வச்சாங்க, விசாரணை அறிக்கை போர் முடியற வரைக்கும் வெளிய வரல.

இப்ப ஸ்டேஷன் வாசல்ல நினைவுச் சின்னம் இருக்கு, 2017ல முடிச்சது. அதே படிக்கட்டை மரத்துல செஞ்சு தலைகீழா தூக்கி நிறுத்தியிருக்காங்க, அதுல 173 சின்ன ஓட்டை, ஒவ்வொண்ணு வழியாவும் வெளிச்சம் இறங்கும். நான் போனப்ப கைடு பேசி முடிச்சுட்டு, இப்ப அந்த நிஜப் படியில இறங்கி ட்ரெயினைப் பிடிங்கன்னார். எங்க க்ரூப்ல பதினஞ்சு பேர், ஒருத்தர் விடாம கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினோம்.

கேள்வி: இந்த டூர்ல எல்லாம் பிரிட்டிஷ்காரங்க கதைதான் வருது. போருக்குப் போன நம்ம ஆளுங்களைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாதா?

பதில்: சிட்டி பக்கம் நடக்கற டூர்ல பெரும்பாலும் வராது, வருத்தம்தான். இரண்டாம் உலகப்போர்ல இந்திய ராணுவத்துல சேந்தவங்க சுமார் 25 லட்சம் பேர். அவங்களுக்குன்னு ஹைட் பார்க் கார்னர் பக்கத்துல கான்ஸ்டிட்யூஷன் ஹில்ல நினைவு வாயில் இருக்கு, நாலு பெரிய கல் தூண், 2002ல எலிசபெத் ராணி திறந்து வச்சது. போர் முடிஞ்சு 57 வருஷம் கழிச்சு, கவனிச்சுக்கோங்க. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம், ஆப்பிரிக்கா, கரீபியன்னு எல்லாருக்கும் சேத்து. பக்கத்துல சத்ரி மாதிரி சின்னதா ஒரு மண்டபம், உள்ள போயி அண்ணாந்து பாத்தா கூரையில விக்டோரியா கிராஸ், ஜார்ஜ் கிராஸ் வாங்கினவங்க பேர் எல்லாம் வட்டமா எழுதியிருக்கும். பக்கிங்ஹாம் அரண்மனை பாக்கப் போற அத்தனை பேரும் இதைத் தாண்டித்தான் போறோம்.

இன்னொரு இடம் ப்ளூம்ஸ்பரியில கோர்டன் ஸ்கொயர். அங்க நூர் இனாயத் கானோட மார்பளவுச் சிலை, 2012ல வச்சது. திப்பு சுல்தான் வம்சம், பிறந்தது மாஸ்கோவுல, அப்பா சூஃபி குரு, குழந்தைங்களுக்குக் கதை எழுதிக்கிட்டிருந்த பொண்ணு. 1943 ஜூன்ல ஜெர்மன்காரன் பிடியில இருந்த பிரான்ஸுக்குள்ள பிரிட்டிஷ்காரங்க ரகசிய ரேடியோ ஆபரேட்டரா இறக்கி விட்டாங்க, அந்த வேலைக்கு அங்க அனுப்பின முதல் பெண் இவங்கதான். கூட இருந்த ரேடியோக்காரங்க ஒவ்வொருத்தரா மாட்டிக்கிட்டப்ப, திரும்பி வந்துடுன்னு சொல்லியும் வரல. காட்டிக் கொடுத்து பிடிபட்டு, 1944 செப்டம்பர் 13 டாக்கௌ நாஜி வதை முகாம்ல சுட்டுக் கொன்னாங்க. வயசு 30. 1949ல ஜார்ஜ் கிராஸ். சிலை சின்னதுதான், காலேஜ் பசங்க பக்கத்துல உக்காந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கிட்டிருப்பாங்க. கொஞ்ச தூரத்துல அவங்க குடும்பம் இருந்த டாவிட்டன் ஸ்ட்ரீட் வீட்டுல 2020ல நீலப் பலகையும் (பேர் பெற்றவங்க இருந்த வீடுன்னு காட்டற அடையாளம்) மாட்டியிருக்காங்க.

கேள்வி: எங்க வீட்டு வாண்டு 10 வயசு. சரித்திரம்னாலே ஓடுவான். அவனை வச்சுக்கிட்டு இந்த டூர் எல்லாம் நடக்குமா?

பதில்: கதை சொல்லாதீங்க, கண்டுபிடிக்க விடுங்க. மூணு சமாச்சாரம் சொல்றேன். தேம்ஸ் கரையில ‘கிளியோபாட்ரா ஊசி’ன்னு எகிப்துலேர்ந்து கொண்டு வந்த கல் தூண், ரெண்டு பக்கமும் வெண்கல ஸ்ஃபிங்ஸ். வலப்பக்கத்து ஸ்ஃபிங்ஸ் உடம்பு பூரா ஓட்டை, குழந்தை விரல விட்டுப் பாக்கலாம். முதல் உலகப்போர்ல 1917 செப்டம்பர் 4, நடுராத்திரிக்குக் கொஞ்சம் முன்னாடி பக்கத்து ரோட்டுல விழுந்த குண்டோட சில்லு பண்ணின வேலை, அதை எழுதி அங்கேயே பலகை வச்சிருக்காங்க. எத்தனை ஓட்டைன்னு எண்ணச் சொல்லுங்க, அரை மணி நேரம் உங்களுக்கு நிம்மதி.

ரெண்டாவது வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் லார்ட் நார்த் ஸ்ட்ரீட். பாராளுமன்றத்துக்குப் பின்னாடி அமைதியான தெரு, செங்கல் சுவர்ல மங்கிப்போன பெயின்ட்ல ‘எஸ்’னு ஒரு எழுத்தும் அம்புக்குறியும், இந்தத் தெரு நடைபாதைக்கு அடியில இருக்கற நிலவறைகள்ல பொது ஷெல்டர் இருக்குன்னு எழுத்தும். அந்த அம்பு காட்டற இடத்துல நின்னு கீழ பாத்தா, ஆமா, காலுக்கு அடியிலதான்.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஆத்துக்குத் தெற்கே பெக்கம், டெப்ட்ஃபோர்ட் பக்கம் பழைய கவுன்சில் குடியிருப்பு வாசல்ல போட்டிருக்கற கம்பி வேலி. சாதாரண வேலின்னு நினைப்பீங்க, கருப்பு பெயின்ட் அடிச்ச இரும்பு ஃப்ரேம், நடுவுல வலைக்கம்பி. ரெண்டு பக்க நீளக் கம்பியும் முனைக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு வளைவு வளைஞ்சிருக்கும். வேலிக்கு எதுக்கு வளைவு? அது வேலியே இல்ல, ஸ்ட்ரெச்சர்! கீழ வச்சா தரையில ஒட்டாம, கை விட்டுத் தூக்க வசதியா கால் மாதிரி அந்த வளைவு. விஷவாயுத் தாக்குதல் வந்தா கழுவ சுலபம்னு துணி இல்லாம முழுக்க இரும்புல ஆறு லட்சத்துக்கு மேல செஞ்சாங்க. இன்னொரு பக்கம் போர்த் தளவாடம் செய்யணும்னு ஊர்ல இருந்த இரும்பு வேலியை எல்லாம் அறுத்து எடுத்துட்டாங்க. போர் முடிஞ்சதும் பாத்தா வேலி இல்ல, ஸ்ட்ரெச்சர் குவிஞ்சு கிடக்கு. பக்கவாட்டுல நிமித்தி நட்டுட்டாங்க. இதை உங்க பையன்கிட்ட முன்னாடியே சொல்லிடாதீங்க, அந்த வளைவு எதுக்குன்னு மட்டும் கேளுங்க.

கேள்வி: கைடு அவசியமா? கூகுள் மேப் போதாதா? அவசியம்னா நல்ல கைடுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பதில்: மேப் உங்களை இடத்துக்குக் கொண்டு போகும், காலி இடத்துல என்ன இருந்துச்சுன்னு சொல்லாது. முதல் தடவை கைடோட போங்க, ரெண்டாவது தடவை நீங்களே போங்க. அங்க கைடு வேலை பாக்க சட்டப்படி லைசென்ஸ் எல்லாம் வேண்டாம், யார் வேணா குடையத் தூக்கிக்கிட்டு கிளம்பலாம். அதனால ‘ப்ளூ பேட்ஜ்’ வச்சிருக்காங்களா, இல்ல சிட்டி ஆஃப் லண்டன் கைடு பேட்ஜாவது இருக்கான்னு பாருங்க, ரெண்டும் படிச்சு பரீட்சை எழுதி வாங்கறது. ‘ஃப்ரீ டூர்’னு போட்டிருந்தா ஃப்ரீ இல்ல, கடைசியில டிப்ஸ், அதுவும் மரியாதைக்குத் தக்கபடி, அந்தக் கணக்கைப் போட்டுட்டுப் போங்க.

பேட்ஜ் இருந்தாலும் கதை விடறவங்க உண்டு. நான் ஒரு சின்ன சோதனை வச்சிருக்கேன். லண்டன் யூனிவர்சிட்டி செனட் ஹவுஸ், அந்த வெள்ளை டவர், அதை ஹிட்லர் தன்னோட தலைமை ஆபீஸா வச்சுக்கணும்னு குண்டு போடாம விட்டார்னு சொல்லுவாங்க. இதுக்கு ஆதாரம் ஒண்ணும் கிடையாது. நல்ல கைடா இருந்தா ‘இப்படி ஒரு பேச்சு இருக்கு, ஆனா’ன்னு ஆரம்பிப்பார், அந்த ‘ஆனா’ வந்துச்சுன்னா நம்பிப் பின்னாடி போகலாம். அதே மாதிரி தொடர்ந்து 57 ராத்திரி குண்டு போட்டாங்கன்னு அடிச்சு விடுவாங்க. செப்டம்பர் 7லேர்ந்து எண்ணினா 57ல 56தான் சரி, நவம்பர் ஆரம்பத்துல ஒரு ராத்திரி வானிலை மோசம்னு வரல. இதுக்காக கைடோட சண்டை போடாதீங்க, நான் ஒரு தடவை போட்டேன், மிச்ச ஒண்ணரை மணி நேரம் அவர் என் முகத்தையே பாக்கல.

கேள்வி: சர்ச்சில் வார் ரூம்ஸ் போகணுமா வேண்டாமா? ஒரே வரியில சொல்லுங்க.

பதில்: போங்க, சர்ச்சில் போரை நடத்தின பாதாள ஆபீஸாச்சே, ஆனா முன்னாடியே டிக்கெட் புக் பண்ணுங்க. ரெண்டாவது வரியும் வச்சுக்கோங்க: உள்ள ஒரு சின்ன ரூம், வெளிய டாய்லெட் கதவு மாதிரி ‘ஆள் இருக்கு, காலி’ன்னு மாறற பூட்டு, அங்க வேலை பாத்தவங்களே சர்ச்சிலோட சொந்த டாய்லெட்டுன்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்க, உள்ள இருந்தது அமெரிக்க ஜனாதிபதியோட பேசற ரகசிய ஃபோன்.

கேள்வி: முதல் உலகப்போர்லயும் லண்டன்ல குண்டு விழுந்துச்சா? ஊசிகிட்ட விழுந்தது மட்டும்தானா?

பதில்: நெறைய. 1914 செப்டம்பர்ல நம்ம மெட்ராஸ் மேல எம்டன் கப்பல் குண்டு போட்டுட்டுப் போச்சே, அதுக்கு எட்டு மாசம் கழிச்சுத்தான் லண்டன் மேல முதல் குண்டு, 1915 மே 31, ஜெப்ளின்ங்கற ராட்சத ஆகாயக் கப்பல்லேர்ந்து. அதே வருஷம் செப்டம்பர் 8 ராத்திரி வந்த ஜெப்ளின் ஊர் நடுவுலயே கோடு போட்ட மாதிரி போட்டுக்கிட்டே போச்சு. ஃபேரிங்டன் ரோடுல 61ஆம் நம்பர் பில்டிங்ல, அந்த ராத்திரி தரைமட்டமாச்சுன்னும் திரும்பக் கட்டினோம்னும் கல்லுல எழுதி வச்சிருக்காங்க. ரெட் லயன் ஸ்ட்ரீட்ல டால்ஃபின்னு ஒரு பப், அங்க சுவர்ல மாட்டியிருக்கற கடிகாரம் அன்னிக்கு 10.40க்கு நின்னது, இன்னும் சாவி கொடுக்கல.

கேள்வி: நான் தபால் துறையில 34 வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். இந்தப் போர்க்காலக் கதையில எல்லாம் ராணுவம், ஃபயர் சர்வீஸ், டாக்டர்னே வருது. எங்க ஆளு ஒருத்தர்கூடவா கிடையாது?

பதில்: இருக்கார் சார், உங்களுக்காகவே கடைசியில வச்சேன். முதல் பதில்ல சொன்னேனே ரோஜாத் தோட்டமான சர்ச், கிரேஃப்ரையர்ஸ், அதுக்குப் பக்கத்துல கிங் எட்வர்ட் ஸ்ட்ரீட்லதான் அன்னிக்கு லண்டனோட தலைமைத் தபால் ஆபீஸ். டிசம்பர் 29 ராத்திரி சர்ச் கொழுந்து விட்டு எரியறப்ப ஒரு தபால்காரர் உள்ள ஓடியிருக்கார். ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல மரத்துல செதுக்கின ஒரு மூடி இருந்துச்சு, நல்ல வேலைப்பாடு, அதைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டார். உள்ள இருந்த சாமான்ல தப்பிச்சதுன்னு தெரியறது அது ஒண்ணுதான். அந்த மூடியோட மேல்பாகம் இப்ப அங்கேர்ந்து நடக்கற தூரத்துல, ஓல்ட் பெய்லி கோர்ட்டுக்கு எதிர்ல செயின்ட் செபுல்கர் சர்ச்சோட வாசல் மண்டபத்துல இருக்கு. அதை ஏன் தூக்கினார், கனமா இருந்திருக்குமே, குழந்தைக்கு அங்க பேர் வச்சிருந்தாரோ என்னவோ, எனக்குத் தோணறதுதான் இது. அவர் பேர் யாரும் எழுதி வைக்கல, எல்லா இடத்துலயும் ‘ஒரு தபால்காரர்’னுதான் இருக்கு.